5 லிட்டர் தேங்காய் எண்ணெய் 4 கிலோ 575 கிராம்தானா?

கேட்டவர் கோபிக்காரர். வெள்ளகோவில் பக்கம் ஒரு செக்கில் 5 லிட்டர் கேனில் தேங்காய் எண்ணெய் வாங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் நிறுத்து, காலிக் கேனின் எடையைக் கழித்துப் பார்த்தால் 4 கிலோ 575 கிராம். “லிட்டருக்கு 85 கிராம் குறைகிறது. அளவில் ஏமாற்றினார்களா, இல்லை லேசான எண்ணெய் எதையாவது கலந்துவிட்டார்களா? அடர்த்தி என்று பள்ளியில் படித்த ஞாபகம், அதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியுமா? பெட்ரோல் பங்கில் எழுதிப் போடுகிறார்களே, அதுவும் இதே அடர்த்திதானா?” என்று கேட்கிறார்.

இதில் இரண்டு சந்தேகங்கள் பின்னிக் கிடக்கின்றன. அளவு சரியா என்பது ஒன்று, பொருள் சுத்தமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு அடர்த்தி நன்றாகவே பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் வாயைத் திறக்காது. நான் வேதியியல் படித்துவிட்டு காங்கேயம் சுற்றுவட்டார எண்ணெய் ஆலைகளின் ஆய்வகங்களில் 22 வருடம் குப்பி கழுவியவன். இந்தக் கேள்வியோடு வாசலில் வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் கேனில் அளவு குறையவில்லை. கலப்படம் இருக்கிறதா என்று இந்த எடையை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்காத ஒரு இடத்தில் பணம் போயிருக்கலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லே நம்மைக் குழப்புகிறது. அடர்த்தியான முடி, அடர்த்தியான காடு என்று பேசிப் பழகியவர்கள் நாம். அதனால் கெட்டியாக ஒழுகுவது எல்லாம் அடர்த்தி அதிகம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஒழுகும் வேகம் வேறு விஷயம், அதற்குப் பாகுத்தன்மை என்று பெயர். விளக்கெண்ணெயைப் பாருங்கள், கரண்டியிலிருந்து இறங்கவே மனசு வராது, ஆனால் தண்ணீரில் விட்டால் மிதக்கும். அதன் அடர்த்தி 0.96, அதாவது லிட்டருக்கு 960 கிராம். பாதரசம் தண்ணீர் மாதிரி ஓடும், ஆனால் ஒரு லிட்டர் பதின்மூன்றரைக் கிலோ இருக்கும். தேன் இரண்டிலும் சேர்த்தி, கெட்டியும் உண்டு, கனமும் உண்டு, லிட்டருக்கு 1 கிலோ 400 கிராம் பக்கம். எண்ணெய் ‘திக்’காக இருக்கிறது, அதனால் சுத்தம் என்று சொல்பவர்கள் பார்ப்பது பாகுத்தன்மையைத்தான்.

அடர்த்தி என்பது ஒரே அளவுள்ள இடத்துக்குள் எவ்வளவு எடை அடங்குகிறது என்ற கணக்கு மட்டுமே. ஒரே லிட்டர் சொம்பில் 30 டிகிரி வெயில் நாளில் தண்ணீர் ஊற்றினால் 996 கிராம், கடலெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஊற்றினால் 910, 915 கிராம். சொம்பு மாறவில்லை, உள்ளே இருப்பது மாறியிருக்கிறது. ‘ஒரு லிட்டர் ஒரு கிலோ’ என்பது தண்ணீருக்கு மட்டும் எழுதிய கணக்கு. 1795இல் பிரான்சில் கிராமை வரையறுத்தபோது ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் தண்ணீருக்கு எண் 1க்கு இவ்வளவு அருகில் வந்து உட்காருகிறது. நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்தன. வந்த வேகத்தில் இரண்டும் ஒன்றுதான் என்ற நினைப்பும் சேர்ந்து வந்துவிட்டது. படியால் அளந்த காலத்தில் எங்கள் அப்பிச்சிக்கு இந்தக் குழப்பமே இருந்ததில்லை. ஒரு படி கம்பும் ஒரு படி பொரியும் ஒரே எடை என்று சொன்னால் சிரித்திருப்பார்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். நீங்கள் அளந்தது எடையை மட்டும்தான். 5 லிட்டர் என்பதைச் செக்குக்காரர் சொன்னதை வைத்து எடுத்துக்கொண்டீர்கள். அடர்த்தி வேண்டுமென்றால் எடை, கன அளவு இரண்டையும் தனித்தனியாக அளந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் அளந்தால் இன்னொன்றை ஊகித்துத்தான் ஆக வேண்டும். நல்ல தேங்காய் எண்ணெய் 30 டிகிரியில் மில்லிலிட்டருக்கு 0.911லிருந்து 0.916 கிராம் வரைக்குள் நிற்கும். அப்படியானால் 4,575 கிராம் என்பது 4.995லிருந்து 5.02 லிட்டர் வரை. அதாவது, உள்ளே இருப்பது தேங்காய் எண்ணெய்தான் என்று வைத்துக்கொண்டால், செக்குக்காரர் கேனை ஒழுங்காகவே நிரப்பியிருக்கிறார். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ‘வைத்துக்கொண்டால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இதே எடையை வைத்து அளவும் சரி, எண்ணெயும் சுத்தம் என்று ஒரே மூச்சில் இரண்டுக்கும் சான்றிதழ் வாங்க முடியாது.

எண்ணெய் ஏன் தண்ணீரைவிட லேசு? எண்ணெயின் மூலக்கூறு உருவத்தில் பெரியதுதான், ஆனால் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட வால்கள் ஒன்றோடு ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொள்வதில்லை. தண்ணீரின் மூலக்கூறுகள் சின்னவை, கை கோத்துக்கொண்டு நெருங்கி நிற்பவை. எண்ணெய்களுக்குள்ளேயும் இந்த நியாயம் வேலை செய்கிறது. தேங்காய் எண்ணெயில் வால்கள் குட்டை, அதனால் கடலெண்ணெயைவிட ஒரு இழை கனம். விளக்கெண்ணெயின் வாலில் கை கோத்துக்கொள்ள ஒரு கொக்கி கூடுதலாக இருக்கிறது, அதனால்தான் 0.96 வரை ஏறுகிறது. மற்றபடி நம் அடுப்படியில் இருக்கும் சமையல் எண்ணெய்கள் எல்லாம் 0.90க்கும் 0.925க்கும் நடுவில் ஒரே தெருவில் குடியிருப்பவை. இந்த நெருக்கம்தான் பின்னால் நமக்குத் தலைவலி.

இன்னொரு தலைவலி வெப்பநிலை. எண்ணெய் சூடானால் விரியும், விரிந்தால் அதே எடை அதிக இடத்தைப் பிடிக்கும், அடர்த்தி குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் லிட்டருக்கு 0.7 கிராம் அளவில் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். இதை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எக்ஸ்பெல்லர் என்னும் எண்ணெய் பிழியும் இயந்திரத்திலிருந்து ஏற்றிய எண்ணெயோடு ஒரு டேங்கர் வந்தது. ஜாடியில் பிடித்து, மிதந்து அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டேன். 0.896 என்று காட்டியது. புத்தகத்தில் 0.915 போட்டிருக்கிறது, இது கலப்பட எண்ணெய்தான் என்று முடிவுகட்டி, வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதியே கொடுத்துவிட்டேன். மூத்த ஆய்வாளர் ஜாடியை வெளிப்பக்கம் தொட்டுப் பார்த்துவிட்டு, “தெர்மாமீட்டர் என்னங்க தம்பி சொல்லுது?” என்று மட்டும் கேட்டார். 58 டிகிரி. 28 டிகிரி கூடுதல் சூடு, லிட்டருக்கு 19 கிராம் அங்கேயே போய்விட்டது. அவர் ஜாடியை மூடி, மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். டிரைவர் மட்டும் ஒன்றரை மணி நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஆறியபின் 0.915. அன்றிலிருந்து வெப்பநிலை எழுதாத அடர்த்தியை நான் எண்ணாகவே மதிப்பதில்லை.

இந்த விரிவைக் காசாக்கியவர்களும் உண்டு. பாக்கெட்டில் 1 லிட்டர் என்று போட்டுவிட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 60 டிகிரி என்று போட்டால் என்ன ஆகும்? சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டர் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். அடைக்கும்போது அது உண்மையான லிட்டர்தான், உங்கள் அலமாரிக்கு வரும்போது லிட்டர் அல்ல. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தலையிட்டு, வெப்பநிலை போடாமல் அளவை எழுத வேண்டும், கூடவே எடையையும் எழுத வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களுக்குச் சொன்னது. மேலே கொடுத்த இரண்டு எண்களும் அந்த அறிவிப்பில் உதாரணமாக வந்தவைதான். கடையில் எந்த எண்ணெய் வாங்கினாலும் லிட்டரை விட்டுவிட்டு அந்தக் கிராம் எண்ணைப் பாருங்கள். ஒரே மாதிரித் தெரியும் பைகளில் 910ம் இருக்கும், 850ம் இருக்கும். கிராம் சூட்டுக்கும் குளிருக்கும் அசையாது.

வீட்டிலேயே அடர்த்தி பார்க்க ஆசையாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. லிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடியை நம்ப வேண்டாம், அதில் இருபது முப்பது மில்லி தப்புவது சாதாரணம். நாம் தேடும் வித்தியாசமே நாலைந்து மில்லிதான். கழுத்துக் குறுகிய கண்ணாடிப் பாட்டில் ஒன்றை எடுங்கள். காலியாக நிறுத்துக்கொள்ளுங்கள், 412 கிராம் என்று வைப்போம். வாய் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கம் துடைத்து நிறுங்கள், 1,164. அப்படியானால் தண்ணீர் 752 கிராம். பாட்டிலை வெயிலில் நன்றாகக் காயவைத்து, அதே விளிம்பு வரை எண்ணெய் ஊற்றுங்கள். குமிழி அடங்கும்வரை ஐந்து நிமிடம் பொறுத்து நிறுத்தால் 1,102. எண்ணெய் 690 கிராம். 690ஐ 752ஆல் வகுத்தால் 0.9176. இது தண்ணீரோடு ஒப்பிட்ட எண், ஒப்படர்த்தி என்பார்கள், இதற்கு அலகு கிடையாது. 30 டிகிரியில் தண்ணீரே 0.996தான் என்பதால் அதால் பெருக்கினால் 0.914, அதுதான் அடர்த்தி. பாட்டிலின் கொள்ளளவு என்ன என்று யாரையும் கேட்கத் தேவையில்லாமல் போனது பாருங்கள், அதுதான் இந்த முறையின் அழகு. ஆய்வகத்தில் நாங்கள் பயன்படுத்தும் ஒப்படர்த்திக் குப்பியும் இதே வேலையைத்தான் செய்கிறது. மூடியில் மயிரிழைத் துளை ஒன்று இருக்கும், மிச்ச எண்ணெய் அதன் வழியாக வெளியேறி அளவைத் துல்லியமாக்கும், அவ்வளவுதான். சமையலறைத் தராசு ஒன்றிரண்டு கிராம் இப்படி அப்படி ஆடும் என்பதால் உங்களுக்கு வரும் விடையில் மூன்றாவது தசம எண்ணை நம்பாதீர்கள்.

இப்போது கலப்படம். உங்கள் தேங்காய் எண்ணெயில் யாரோ 30 சதவீதம் பாமாயில் கலந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாமாயிலின் அடர்த்தி 30 டிகிரியில் 0.904 அளவில் இருக்கும். கலவை 0.912க்குச் சற்றுக் கீழே வரும். லிட்டருக்கு மூன்று கிராம்தான் வித்தியாசம். சுத்தமான எண்ணெயிலேயே ஐந்து கிராம் வரை இயல்பான ஏற்ற இறக்கம் இருக்கிறது. சமையலறைத் தராசை விடுங்கள், நல்ல குப்பியும் நல்ல தராசும் வைத்திருந்த நானே இந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மினரல் ஆயில் எனப்படும் கனிம எண்ணெயைத் தாராளமாகக் கலந்திருந்தால் கதை வேறு. அது 0.83லிருந்து 0.89 வரைதான் இருக்கும், எண் தெளிவாகக் கீழே இறங்கும். ஆக, அடர்த்தி ரொம்பக் குறைந்திருந்தால் ஏதோ கோளாறு என்று அடித்துச் சொல்லலாம். சரியாக இருந்தால் சுத்தம் என்று சொல்ல முடியாது.

குளிர்சாதனப் பெட்டிச் சோதனையைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்ணாடி டம்ளரில் எண்ணெயை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல, வைத்தால் தேங்காய் எண்ணெய் உறையும், வேறு எண்ணெய் இருந்தால் தனியாக நிற்கும் என்பது. உணவுப் பாதுகாப்பு ஆணையமே மக்களுக்குச் சொல்லித்தரும் சோதனைதான், மோசமில்லை. ஆனால் அது அடர்த்திச் சோதனை என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. எண்ணெயும் எண்ணெயும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும், அறையில் எத்தனை நாள் வைத்தாலும் கனமானது கீழே, லேசானது மேலே என்று பிரியாது. அங்கே வேலை செய்வது உறையும் வெப்பநிலை. கடலெண்ணெயோ சூரியகாந்தியோ நிறையக் கலந்திருந்தால் மாட்டும். பனங்கொட்டை எண்ணெய் என்று ஒன்று இருக்கிறது, பாமாயில் பழச்சதையிலிருந்து வருவது, இது உள்ளே இருக்கும் கொட்டையிலிருந்து வருவது. அது தேங்காய் எண்ணெயின் இரட்டைப் பிள்ளை மாதிரி. அடர்த்தியும் ஒத்துப்போகும், உறைவதும் ஒத்துப்போகும். அதைப் பிடிக்க அயோடின் மதிப்பு (எண்ணெய் எவ்வளவு அயோடினை ஏற்கிறது என்ற கணக்கு), கொழுப்பு அமிலங்களின் விகிதம் என்று ஆய்வகத்துக்குள் போனால்தான் உண்டு.

ஒரே எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எண்ணெயைவிட நல்ல பாடம் பாலில் இருக்கிறது. நம் ஊர்ப் பால் சொசைட்டியில் விடியக்காலையில் லாக்டோமீட்டரை விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் குண்டு, மேலே மெல்லிய தண்டு, தண்டில் எண்கள். லேசான திரவத்தில் ஆழமாக முங்கும், கனமான திரவத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். 30 என்று காட்டினால் பாலின் ஒப்படர்த்தி 1.030 என்று அர்த்தம். தண்ணீர் கலந்தால் 1ஐ நோக்கி இறங்கும், லாக்டோமீட்டர் முங்கும், ஊற்றியவர் மாட்டிக்கொள்வார். இது வரைக்கும் சரி. ஆனால் பாலில் இருக்கும் கொழுப்பு தண்ணீரைவிட லேசு. ஏட்டை எடுத்துவிட்டால் பால் ‘கெட்டுப்போய்’ லேசாகாது, கனமாகும். கொழுப்பு முழுக்க எடுத்த பால் 1.036 வரை போகும். அதில் 85 பங்குக்கு 15 பங்கு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், 0.036ல் 85 சதவீதம் 0.0306. லாக்டோமீட்டர் சமர்த்தாக 30 என்று காட்டும். வெண்ணெயும் வீட்டில், தண்ணீருக்கும் காசு. இந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர் எப்போதும் இருந்தார்கள். அதனால்தான் லாக்டோமீட்டரோடு கொழுப்புச் சோதனையும் சேர்ந்துகொண்டது. கந்தக அமிலம் ஊற்றிச் சுழற்றிக் கொழுப்பைப் பிரித்துப் படிப்பார்களே, அந்த கெர்பர் முறை. இரண்டு எண்களும் சேர்ந்தால்தான் பாலுக்கு விலை. ஒரு கள்ளத்தைப் பிடிக்க ஒரு எண் போதும், இரண்டு கள்ளம் ஒன்றை ஒன்று ஈடுகட்டினால் ஒரு எண் ஊமை.

அதே தத்துவத்தை உங்கள் ஊர் விவசாயிகள் கருவியே இல்லாமல் பயன்படுத்தியவர்கள். கொடிவேரி பாசனத்தில் நெல் விதை தேர்வு செய்ய உப்புத் தண்ணீர் கரைப்பார்கள். எவ்வளவு உப்பு என்று எடை போடுவதில்லை, புதுக் கோழிமுட்டை ஒன்றை உள்ளே விடுவார்கள். வெறும் தண்ணீரில் முங்கும் முட்டை, உப்பு ஏற ஏற மேலே வந்து பழைய நாலணாக் காசு அளவு தலை காட்டும்போது கரைசல் பதம். அதில் விதையைக் கொட்டினால் பதரும் அரைவயிற்று நெல்லும் மிதக்கும், மணி முற்றியது அடியில் கிடக்கும். முட்டைதான் ஹைட்ரோமீட்டர். நாமக்கல்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் தருவார்கள். ஆனால் முட்டை புதியதாக இருக்க வேண்டும். பழைய முட்டைக்குள் காற்றறை பெரிதாகிவிடும், உப்பு போதாமலேயே மிதந்து உங்களை ஏமாற்றிவிடும்.

உங்கள் கேனை வைத்து அடர்த்தியைக் கண்ணாலேயே பார்க்கவும் வழி இருக்கிறது, மார்கழி வரட்டும். அதிகாலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் வெள்ளையாக உறைந்து நிற்கும், 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கிவிடும். மேற்பரப்பை உற்றுப் பாருங்கள், நடுவில் குழி விழுந்திருக்கும். உறையும்போது எண்ணெய் சுருங்குகிறது, அதனால் வந்த பள்ளம் அது. ஐஸ் தட்டில் இதற்கு நேர் எதிர், நடுவில் மேடு தட்டும், ஏனென்றால் தண்ணீர் உறையும்போது விரியும். பாட்டிலை லேசாக வெயிலில் வைத்துப் பாதி உருகவிட்டு ஆட்டினால், உறைந்த கட்டி எண்ணெயின் அடியில் போய் உட்காரும். ஐஸ் கட்டி தண்ணீரில் மிதக்கும். பெரும்பாலான பொருள்கள் எண்ணெய் வழியில்தான் நடக்கின்றன, தண்ணீர்தான் விதிவிலக்கு. சின்ன வயதிலிருந்து ஐஸ் மிதப்பதையே பார்த்ததால் நமக்கு அது உலக வழக்கம் மாதிரி தெரிகிறது.

செக்கு எண்ணெய் வாங்கியவர் என்பதால் இன்னொன்று. புதிதாக ஆட்டியதை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளியவிடுவார்கள். பருப்புத் துகளும் மிச்ச ஈரமும் எண்ணெயைவிடக் கனம் என்பதால் கீழே மண்டியாக இறங்கும். ரொம்பப் பொடித் துகள் இறங்க நாளாகும், அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் அடியில் கொஞ்சம் கசடு சேர்ந்தால் பயப்பட வேண்டியதில்லை. கேனை ஆட்டாமல் மேலாக ஊற்றிக்கொண்டால் போதும். அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நின்றால் அதுதான் வம்பு. வாணலியில் சடசடவென்று தெறிக்கும், எண்ணெயும் சீக்கிரம் காறல் அடிக்கும்.

பங்கில் எழுதிப் போடும் அடர்த்தியும் இதே அடர்த்திதான். பெட்ரோலுக்கு 15 டிகிரியில் ஒரு கன மீட்டருக்கு 720லிருந்து 775 கிலோ வரை இருக்கலாம். 760 இருந்தால் 740ஐவிட உசத்தி என்று அர்த்தமில்லை. லாரியோடு வந்த ரசீதில் இருக்கும் எண்ணுக்கும் பங்கில் இன்று பார்க்கும் எண்ணுக்கும் 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது, அதுதான் கணக்கு. வாடிக்கையாளர் கேட்டால் ஜாடியும் ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் எடுத்துக் காட்ட வேண்டும், கேட்கலாம். காலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும் என்ற பேச்சுக்கு மட்டும் பெரிய மதிப்பு கொடுக்காதீர்கள். தொட்டி பூமிக்கு அடியில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பநிலை அவ்வளவாக மாறுவதில்லை.

எண்ணெய் சுத்தமா என்ற சந்தேகம் தீரவில்லை என்றால், வாங்கியவரே மாதிரியைக் கொடுத்துக் கட்டணம் கட்டிப் பரிசோதிக்க 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. கோவையிலும் சேலத்திலும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. போகும்போது அடர்த்தி மட்டும் பாருங்கள் என்று கேட்காதீர்கள், அயோடின் மதிப்பும் சோப்பு எண்ணும் சேர்த்துக் கேளுங்கள். சோப்பு எண் என்பது எண்ணெயைச் சோப்பாக்க எவ்வளவு காரம் தேவை என்ற கணக்கு. அது தேங்காய் எண்ணெயில் 250ஐ ஒட்டி இருக்கும், கடலெண்ணெயும் பாமாயிலும் 200க்குப் பக்கத்தில்தான் நிற்கும். அங்கே ஒளிய இடமில்லை. அளவில் சந்தேகம் என்றால் அது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு பார்க்கும் வேலை. செக்கில் ஊற்றித் தரும் லிட்டர் படியில் முத்திரை இருக்கிறதா என்று அடுத்த முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இது. இந்தப் பக்கத்து ஆலைகளில் எண்ணெய் வியாபாரம் கிலோவில்தான் நடக்கும். டின் என்றாலே 15 கிலோ, அதற்குள் 16.4 லிட்டர் எண்ணெய் இருக்கும். சில்லறையில் கேனுக்கு மாறும்போதுதான் லிட்டர் நுழைகிறது. பலகையில் கிலோ 400 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் 4 கிலோ 575 கிராமுக்கு 1,830 ரூபாய்தான் ஆக வேண்டும். “அஞ்சு லிட்டருங்க, ரெண்டாயிரம்” என்று வாங்கியிருந்தால் 170 ரூபாய் கூடப் போயிருக்கிறது. செக்குக்காரருக்கே தெரியாமல்கூட இது நடக்கும். கிலோவும் லிட்டரும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு விலை சொல்லும் பையன்களை நான் கல்லாவில் பார்த்திருக்கிறேன். அதற்கு மாறாக, அங்கே லிட்டர் விலை என்றே தனியாக எழுதியிருந்து அதற்குத்தான் நீங்கள் கொடுத்தீர்கள் என்றால் எந்தக் குறையும் இல்லை. பில்லில் ரேட்டுக்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்க.